மெல்பர்ன் யூதக் குடும்பங்களுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து சமையல் வகுப்பு: எதைச் சமைப்பது, எதைத் தொடாமல் விடுவது?

சிப்புட் அடுப்படி (கேள்வி)

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மகளிர் குழு, மண்டபத்துச் சமையலறையிலிருந்து சூம் வழியாக ஒரு வகுப்பு நடத்தப் போகிறது. கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் மெல்பர்னில் இருக்கும் 12 யூதக் குடும்பங்கள். அவரவர் வீட்டு அடுப்பில் அவர்கள் சமைப்பார்கள், நாங்கள் இங்கிருந்து காட்டிக்கொண்டே போவோம். ஜூன், ஜூலையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு மாலை 4 மணி, நமக்குப் பகல் 2 மணி. வகுப்பு ஒன்றரை மணி நேரம். 6 வயதுப் பிள்ளைகளிலிருந்து பாட்டிமார் வரை எல்லாரும் இருப்பார்கள்.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: முதல் வாரம் தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. இரண்டாவது வாரம் நெய்ச்சோறு, தயிரில் ஊறவைத்த கோழிக் குருமா. மூன்றாவது வாரம் புட்டு மாயம் (இடியாப்பம்), சொதி, இக்கான் பிலிஸ் (நெத்திலி) சம்பல். நான்காவது வாரம் அவர்கள் நமக்கு ஹல்லா என்னும் பின்னல் ரொட்டி சொல்லித் தருகிறார்கள். இங்கே மண்டபத்தில் 8 பேர் கூடவே பிசைந்து சுடுவார்கள், அதில் 3 பேர் முட்டை தொடாதவர்கள். மேசை மேல் வைக்கிற சின்ன அவன் (ஓவன்) இரண்டு இருக்கிறது.

பன்றி கிடையாது, கறியும் பாலும் சேராது என்ற அளவுக்குக் கோஷர் (யூத உணவு விதி) பற்றித் தெரியும். அதற்கு மேல் என்ன கவனிக்க வேண்டும்? பொருள் பட்டியலை இரண்டு வாரத்துக்கு முன்பே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தவறாக எதையும் எழுதி அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

---

பரேவ் பாத்திரம்

அக்கா, முதலில் இரண்டாவது வாரத்தை அடித்துவிடுங்கள். நெய்யும் தயிரும் பால் பக்கம், கோழி கறிப் பக்கம். கோழி பால் கொடுக்காதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் யூதச் சட்டத்தில் கோழியும் இறைச்சிதான். தயிரில் ஊறிய கோழியைக் கோஷர் வீட்டில் அடுப்பில் வைத்தால் சாப்பாடு மட்டுமல்ல, சட்டியும் கரண்டியும் கெட்டுப்போகும்.

அவர்கள் சமையலறையில் மூன்று பிரிவு உண்டு: கறி, பால், இரண்டிலும் சேராத பரேவ். காய்கறி, அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், முட்டை, மீன் எல்லாம் பரேவ். என் யோசனை, மூன்று வகுப்பையும் பரேவாகவே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறி சாப்பிட்டவர் பால் சேர்ந்த எதையும் உடனே வாயில் வைக்க முடியாது. பல குடும்பங்களில் 6 மணி நேரம் காத்திருப்பார்கள், ஜெர்மன் வழி வந்தவர்கள் 3, டச்சு வழி வந்தவர்கள் 1. 4 மணி வகுப்பில் நெய் விட்டுச் செய்தால் பாதி வீட்டில் ருசி பார்க்க ஆள் இருக்காது. பரேவ் என்றால் எல்லாரும் சாப்பிடலாம், மிஞ்சியதை ராத்திரி கறியோடும் வைக்கலாம், மறுநாள் காலையில் தயிரோடும் வைக்கலாம். நம் சைவச் சமையலில் நெய், தயிர், மோர் மூன்றையும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய எல்லாமே பரேவ்தான். சாம்பார், ரசம், கூட்டு, சுண்டல், சொதி எதுவும் தடையில்லை. தாளிக்க எண்ணெய் மட்டும். வாசனைக்கு என்று கடைசியில் ஒரு சொட்டு நெய் விடுகிற கைப்பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கேமராவுக்கு முன்னால் அது வரவே கூடாது. நெய் டப்பாவை மேசையிலேயே வைக்காதீர்கள்.

அடுத்தது கத்தியும் மிக்சியும். நம் சமையலில் இதுதான் பெரிய கண்ணி, பட்டியல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். வெங்காயம், பூண்டு மாதிரி கார்ப்பான பொருளைக் கறி வெட்டும் கத்தியால் நறுக்கினால், அந்தக் கத்தியில் ஏறியிருக்கும் கறிச்சுவையை வெங்காயம் இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. கத்தியைக் கழுவியிருந்தாலும் கணக்கு அதேதான். அப்படி நறுக்கிய வெங்காயத்தைப் பிறகு பாலோடு சேர்க்க முடியாது. வெள்ளரிக்காயை நறுக்கினால் இவ்வளவு கண்டிப்பு இல்லை. நாமோ வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் இல்லாமல் அடுப்பையே மூட்டுவதில்லை, அதையும் மிக்சியில் போட்டு அரைக்கிறோம். அதனால் பொருள் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: பரேவ் கத்தி, பரேவ் பலகை, பரேவ் மிக்சி சாடி, பரேவ் சட்டி. இந்த ஒரு வரியைப் பார்த்ததும் எதிர்ப்பக்கத்து அம்மாக்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

முந்தின நாளே வெங்காயம் பூண்டு உரித்து டப்பாவில் போட்டு வையுங்கள் என்றும் எழுதாதீர்கள். உரித்த வெங்காயம், உரித்த பூண்டு, ஓடு நீக்கிய முட்டை இவற்றை இரவு முழுக்க அப்படியே வைத்துப் பயன்படுத்தாத வழக்கம் பல வீடுகளில் உண்டு. சின்ன வெங்காயம் உரிக்க நேரம் எடுக்கும் என்றால் வகுப்பிலேயே முதல் 10 நிமிடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பெரிய வெங்காயத்துக்கு மாறுங்கள்.

பொருள்களில் கவனிக்க வேண்டியவை:

பெருங்காயம். மஞ்சள் தூளாக வருவது சுத்தப் பெருங்காயம் அல்ல, கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். கோஷர் முத்திரை இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருந்தால் அதுவும் பிரச்சினை. "இல்லாமலும் செய்யலாம்" என்று எழுதிவிடுங்கள்.

தேங்காய்ப்பால் பொடி. இதில் பல வகைகளில் சோடியம் கேசினேட் சேர்த்திருப்பார்கள். அது பாலிலிருந்து எடுப்பது. பெயரில்தான் தேங்காய், உள்ளே பால். டின்னிலோ பெட்டியிலோ வரும் திரவப் பாலில் முத்திரை உள்ளதை வாங்கச் சொல்லுங்கள்.

சாம்பார் பொடி. அரைத்த கலவைப் பொடிக்கு முத்திரை கேட்பார்கள், முழுசாக இருக்கும் மல்லி, மிளகாய், சீரகத்துக்குப் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். அப்போதே வறுத்து அரையுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு மல்லி 3 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 4, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, துவரம்பருப்பு 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி. வெந்தயத்தைக் கடைசியில் போடச் சொல்லுங்கள், கருகினால் முழுக் குழம்பும் கசக்கும். மிளகாய் நம் அளவில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

சம்பலில் பெலாச்சான் வேண்டவே வேண்டாம், அது இறால் விழுது. செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான் அவர்களுக்கு ஆகும். நெத்திலி அந்த இனத்தில் சேர்ந்ததுதான். ஆனால் காயவைத்துப் பொட்டலம் போட்டு வருவதில் குட்டி இறாலும் கணவாயும் கலந்து கிடக்கும் என்பது நம் பாசாரில் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். முத்திரை இல்லாமல் வாங்க மாட்டார்கள். இக்கான் பிலிஸ் சம்பலை விட்டுவிட்டுக் கத்தரிக்காய்ச் சம்பல் செய்யுங்கள்.

பாத்திரம் ஒன்று பாக்கி இருக்கிறது. வகுப்புக்காகப் புதிதாகத் தோசைக்கல்லோ இட்லித் தட்டோ வாங்கினால், யூதர் அல்லாதவர் செய்த உலோகப் பாத்திரமும் கண்ணாடிப் பாத்திரமும் முதல் உபயோகத்துக்கு முன் மிக்வே என்னும் நீர்த்தொட்டியில் முழுக்கி எடுக்கப்பட வேண்டும். மரக்கரண்டிக்கு அது தேவையில்லை. ஒரு வாரமாவது முன்னால் சொல்லுங்கள். எண்ணெய் ஏற்றியே விற்கிற இரும்புக்கல் என்றால் அது என்ன எண்ணெய் என்ற கேள்வியும் வரும், அதை அவர்கள் தங்கள் மதகுருவான ரபியிடம் கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண நான்ஸ்டிக் சட்டி போதும் என்று எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. புட்டு மாயம் அச்சுக்கும் இதே கதைதான். 12 வீட்டிலும் அச்சு இருக்காது. சொதிக்குச் சோறு வைத்துவிட்டுப் போங்கள்.

அடுப்பு மூட்டுவது பற்றி: யூதர் அல்லாதவர் முழுக்கச் சமைத்ததைச் சாப்பிடுவதில் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. இங்கே அவரவர் வீட்டில் அவரவரே அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றுவதால் அந்தக் கேள்வி எழாது. என்றைக்காவது நீங்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தால் அடுப்பைத் திருகுவதை அவர்களிடமே விடுங்கள்.

---

ஆட்டுக்கல்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் முதல் வாரத் தோசை கெடப்போவது வேறு இடத்தில்.

ஞாயிறு மாலை 4 மணிக்குத் தோசை வார்க்க வேண்டுமென்றால் நாம் என்ன சொல்வோம்? "சனிக்கிழமை காலையில் ஊறப்போட்டு மாலையில் அரைத்து வையுங்கள்." அங்கே அது நடக்காது. வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன்னாலிருந்து சனி இரவு வரை ஷபாத் என்னும் ஓய்வுநாள். சமைப்பதும் மிக்சி போடுவதும் மட்டுமல்ல, ஷபாத்தில் மறுநாளுக்காக ஆயத்தம் செய்வதும் கூடாது. அரிசியை ஊறப்போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமைக்கான வேலை. இந்த வரியோடு செய்முறைத் தாள் போனால், ஒன்று அவர்கள் மனம் சங்கடப்படுவார்கள், இல்லாவிட்டால் மாவே இல்லாமல் வந்து உட்காருவார்கள்.

ஜூனில் மெல்பர்னில் ஷபாத் முடிய ஏறக்குறைய மாலை 6 மணி ஆகும். 6.15க்கு ஊறப்போட்டால் 10.30க்கு அரைக்கலாம். மறுநாள் 4 மணி வரை 17 மணி நேரம் கிடைக்கிறது. ஆனால் அங்கே அப்போது குளிர்காலம். இரவில் ஹீட்டர் அணைத்த வீடு 15 டிகிரிக்கு இறங்கினால் நம் ஊரில் 8 மணி நேரத்தில் பொங்குகிற மாவு அங்கே 17 மணி நேரத்திலும் அசையாது. அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, மூடிய பாத்திரத்தில் மாவை உள்ளே வைத்தால் 28, 30 டிகிரி கிடைக்கும், 12 மணி நேரத்தில் பொங்கும். அவன் கதவில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். காலையில் யாராவது தெரியாமல் அவனை மூட்டிவிட்டால் மாவு இட்லியாகக்கூட ஆகாது, ஓரம் வெந்து நடு பச்சையாக நிற்கும்.

ராத்திரி 10.30க்கு அரைக்க முடியாத குடும்பங்களுக்கு வேறு வழி: வெள்ளி காலை 9க்கு ஊறப்போட்டு, 1.30க்கு அரைத்து, உப்புச் சேர்த்து உடனே குளிர்பெட்டியில். சனி இரவு ஷபாத் முடிந்ததும் வெளியே எடுத்து அவன் விளக்கு வெளிச்சத்தில். குளிர்ந்த மாவு சூடேறவே 3 மணி நேரம் போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இதே வகுப்பை வைத்தால் ஷபாத் முடியவே இரவு 9.30 தாண்டும். அப்போது இந்த வழி ஒன்றுதான். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மெல்பர்ன் நமக்கு 3 மணி நேரம் முன்னே ஓடும், மற்ற மாதங்களில் 2.

ஒரு குடும்பத்துக்கு அளவு: இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம், வெந்தயம் கால் தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, அரைக்கவும் கரைக்கவும் சேர்த்துத் தண்ணீர் 600 மில்லி அளவில். 15 தோசை வரும். மிக்சியில் உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சாடி சூடானால் உளுந்து வழவழப்பை இழக்கும், பொங்காது. அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன். முதல் வகுப்புக்குத் தோசையே வேண்டாம், அடை செய்யுங்கள். புழுங்கல் அரிசி 200 கிராம், துவரம்பருப்பு 75, கடலைப்பருப்பு 75, உளுந்து 30, காய்ந்த மிளகாய் 3. ஞாயிறு பகல் 1 மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் 4 மணிக்கு வகுப்பிலேயே அரைக்கலாம். புளிக்க வேண்டியதில்லை. ரவை பதத்தில் கரகரப்பாக அரைத்து, ஒரு விரல்கடை இஞ்சி, நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, உப்பு. மாவு கரண்டியிலிருந்து கொழகொழவென்று விழ வேண்டும், ஓடக் கூடாது. நைசாக அரைத்துவிட்டால் சட்டியில் ஒட்டிக்கொண்டு வரட்டி மாதிரி ஆகும். சட்டியில் பரப்பி நடுவில் ஒரு ஓட்டை போட்டு அதில் எண்ணெய் விட்டு, நடுத்தரச் சூட்டில் ஒரு பக்கம் 3 நிமிடம். ஓட்டை போடுவது பிள்ளைகள் வேலை. அடைக்கு அவியல் என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள், அதில் தயிர் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி போதும். அங்கே உறைந்த தேங்காய்த் துருவல்தான் கிடைக்கும். அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே அரைத்தால் கொழுப்பு திரண்டு வெண்ணெய் உருண்டை மாதிரி மிதக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும்.

தோசையை மூன்றாவது வாரம் வையுங்கள். அதற்குள் அவர்கள் கையும் பழகியிருக்கும், நேரக் கணக்கும் பிடிபட்டிருக்கும்.

---

கடலோரப் பினாங்கு

கோழிக் குருமா போன இடத்துக்கு ஒரு யோசனை. இந்தியாவிலேயே யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துப் பெனே இஸ்ரேல் மக்கள், கொச்சி யூதர்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் கட்டியது. கறியில் பால் சேர்க்க முடியாத இடத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்தவர்கள் அவர்கள். நம் சொதியைப் பார்த்தால் கொச்சி யூதர் வீட்டுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

பெனே இஸ்ரேல் மக்கள் எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லும் சடங்கில் மலிதா என்று ஒன்று படைப்பார்கள். நம் இனிப்பு அவல்தான் அது, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கெட்டி அவல் 250 கிராமை அலசி, வடிகட்டியில் 10 நிமிடம் விட வேண்டும். தண்ணீரில் மூழ்க வைத்தால் கூழாகும். துருவிய தேங்காய் 150 கிராம், சர்க்கரை 80, ஏலக்காய் 5, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், திராட்சை, பேரீச்சை, பாதாம். மேலே ஐந்து வகைப் பழம். அடுப்பே வேண்டாம், பரேவ், சின்னப் பிள்ளைகள் முழுக்கத் தாங்களே செய்யலாம். மெல்பர்னில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்கள் ஐரோப்பிய வழி வந்தவர்கள், அவர்களுக்கே இது புதிதாக இருக்கும். அவலில் தொடங்கிச் சொதியில் முடித்தால் ஒரு நல்ல வகுப்பு.

நம் நாட்டில் யூதர் வாழ்ந்த ஊர் என்றால் பினாங்கு. இன்று ஜாலான் சைனல் அபிடின் என்கிற தெருவுக்கு முன்பு ஜாலான் யஹுடி என்று பெயர். 1805இல் தொடங்கிய யூதக் கல்லறைத் தோட்டம் அங்கே இன்னும் இருக்கிறது. பேச்சு வந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

---

ரொட்டிப் பட்டறை

ஹல்லாவுக்கு வருகிறேன். அவர்கள் செய்முறையை அப்படியே இங்கே பின்பற்றினால் மாவு கைமீறிப் போகும். அங்கே 16 டிகிரி அடுப்படியில் 2 மணி நேரம் உப்புகிற மாவு சுங்கை சிப்புட் மண்டபத்தில் பகல் 2 மணிக்கு 45 நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். அதைக் கவனிக்காமல் அவர்கள் நேரத்துக்குக் காத்திருந்தால் மாவு புளித்து, பின்னும்போது இழை இழையாக அறுந்து போகும்.

8 பேர், இரண்டு சின்ன அவன். ஆளுக்கு 250 கிராம் மாவுக்கு மேல் போகாதீர்கள். ஒரு தட்டில் இரண்டு ரொட்டி, ஒரு தடவைக்கு 4, இரண்டு தடவையில் முடிந்துவிடும்.

முட்டை சேர்த்தது: மாவு 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2.5 கிராம், சர்க்கரை 30 கிராம், உப்பு 5 கிராம், முட்டை 1, எண்ணெய் 30 மில்லி, ஐஸ் தண்ணீர் 85 மில்லி. மெல்பர்னில் இதே மாவுக்கு ஈஸ்ட் 3.5 கிராம் போடுவார்கள், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நீங்கள் அதைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள். கடையில் தெப்போங் ரொட்டி, அதாவது புரதம் கூடின மாவு என்று கேட்டு வாங்குங்கள். பலகாரத்துக்கு வாங்குகிற சாதாரணக் கோதுமை மாவில் பின்னல் தட்டையாகப் படுத்துவிடும்.

முட்டை தொடாத மூவருக்கும் மாற்றுப் பொருள் எதுவும் தேட வேண்டாம். முட்டை இல்லாத தண்ணீர் ஹல்லாவும் முறையான ஹல்லாதான். செஃபார்டி (ஸ்பெயின் வழி வந்த) யூதர்களில் பலர் அதைத்தான் விரும்புவார்கள், முட்டையும் சர்க்கரையும் கூடினால் அது ரொட்டிக் கணக்கிலிருந்து பலகாரக் கணக்குக்குப் போய்விடும் என்பதால். மாவு 250, ஈஸ்ட் 2.5, சர்க்கரை 15, உப்பு 5, எண்ணெய் 25 மில்லி, ஐஸ் தண்ணீர் 140 மில்லி. மேலே பூசச் சர்க்கரைத் தண்ணீர். யாரும் பழக்கத்தில் பாலைத் தடவிவிட வேண்டாம். ரொட்டி கறியோடும் சாப்பிடுவது என்பதால் அதில் பாலோ வெண்ணெயோ சேர்ப்பதில்லை. சில மாஜரினிலும் பால் பொருள் கலந்திருக்கும், எண்ணெயே மேல்.

நேரம்: 1 மணிக்கு இங்கே பிசையத் தொடங்குங்கள். 10 நிமிடம் கையால். ஒரு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய திரையாக விரிய வேண்டும். ஈரத்துணி மூடி, காற்றாடிக்குக் கீழே வைக்காமல், 2 மணி வரை. அவர்கள் தங்கள் மாவைக் காலையிலேயே பிசைந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பின்னலாம். இழை உருட்டும்போது மாவு சுருண்டு பின்வாங்கினால் இழுத்துச் சண்டை போடக் கூடாது, 10 நிமிடம் விட்டால் தானே தளரும். பலகையில் மாவு அதிகம் தூவினால் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அவனில் பிளந்து வாய் திறக்கும். பின்னலை நடுவிலிருந்து தொடங்கினால் இறுக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். முதல் 4 ரொட்டி 30 நிமிடம் உப்பட்டும், அடுத்த 4 குளிர்பெட்டியில் காத்திருக்கட்டும்.

விரலால் அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று திரும்பினால் இன்னும் நேரம் வேண்டும். சுட்டால் பக்கவாட்டில் கிழியும். 180 டிகிரியில் 25 நிமிடம். சின்ன அவனில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் 12ஆவது நிமிடத்தில் அலுமினியத் தாளை மேலே போடுங்கள், இல்லாவிட்டால் மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கும்.

அவர்கள் மாவில் ஒரு சின்ன உருண்டை கிள்ளித் தனியே எடுத்து எரிப்பதைப் பார்ப்பீர்கள். ஹல்லா என்ற பெயரே அந்த உருண்டையிலிருந்து வந்ததுதான். மாவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது கடமை. வாழ்த்துச் சொல்லி எடுக்க ஏறக்குறைய 1,670 கிராம் மாவு வேண்டும் என்பது பரவலான கணக்கு. யாராவது ஒரு அம்மா மூன்று ரொட்டிக்கு மேல் வருகிற பெரிய சட்டியில் பிசைந்தால் காரணம் அதுதான், நீங்கள் உங்கள் அளவை ஏற்றாதீர்கள். நம் மாவுக்கு அந்தக் கடமை கிடையாது. அவர்கள் வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் கை வேலையை நிறுத்தி அமைதியாக இருந்தால் போதும்.

---

மண்டபத்து மைக்

சமையல் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் மழை பற்றி மட்டும். 2 மணிக்குத் தொடங்கினால் 3.30 வரை. பல நாள் 3 மணிக்கே மழை பிடித்துவிடும். சிங் (தகர) கூரையில் மழை விழுந்தால் லேப்டாப் மைக்கில் ஒரு வார்த்தையும் கேட்காது. சட்டையில் குத்துகிற மைக் வாங்குங்கள், வாய்க்கு ஒரு சாண் கீழே. பேச வேண்டிய முக்கியமான பகுதியை முதல் 50 நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டு, வார்ப்பது சுடுவது மாதிரிக் கண்ணால் பார்க்கிற வேலையைக் கடைசியில் வையுங்கள். அளவுகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கையில் வைத்திருந்தால் சத்தம் போனாலும் வகுப்பு நிற்காது.

இரண்டு கைப்பேசி வேண்டும். ஒன்று முகத்துக்கு, ஒன்று அடுப்புக்கு. அடுப்புக் கைப்பேசியைச் சட்டிக்கு நேர் மேலே கட்டாதீர்கள், ஆவி பட்டு 2 நிமிடத்தில் கண்ணாடி மங்கும், சூட்டில் அணைந்தும் போகும். சாய்வாக, ஒரு கை நீளம் தள்ளி. இரண்டாவது கைப்பேசியில் சத்தத்தை முழுக்க அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி வரும். வேறு கம்பெனி சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். கேஸ் தோங் (சிலிண்டர்) ஒன்று கூடுதலாக.

---

சிப்புட் அடுப்படி

எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டியலை மாற்றிவிட்டேன்: முதல் வாரம் அடை, சட்னி. இரண்டாவது வாரம் அவல் மலிதா, சோறு, சொதி, கத்தரிக்காய்ச் சம்பல். மூன்றாவது வாரம் தோசை, சாம்பார். நான்காவது வாரம் ஹல்லா.

இன்னும் ஒரு கேள்வி. கறிவேப்பிலை, கொத்தமல்லியில் பூச்சி இருக்கக் கூடாது என்று அவர்கள் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். நாம் கழுவுவது மாதிரிக் கழுவினால் போதாதா? தேதி ஏதாவது இடிக்குமா?

---

பரேவ் பாத்திரம்

போதாது அக்கா. பூச்சி சாப்பிடுவது அவர்களுக்கு நேரடித் தடை, கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒன்று இருந்தாலும் ஆகாது. கறிவேப்பிலையின் அடிப்பக்க நரம்பில் ஒட்டிக்கொள்ளும் அசுவினி குழாய்த் தண்ணீருக்கு அசையாது. முறை இதுதான்: இலையை ஈர்க்கிலிருந்து உருவி, 2 லிட்டர் தண்ணீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 4 நிமிடம் ஊறவைத்து, கையால் நன்றாக அலைக்க வேண்டும். சோப்பு பூச்சியின் பிடியைத் தளர்த்தும். நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக அலசிய தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஏதாவது கறுப்பாக மிதந்தால் திரும்பவும் முதலிலிருந்து. பிறகு ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பது. 6 வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது, பெரியவர்களைவிட அவர்கள் கண் கூர்மை. இலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு 15 இலை போதும். சொதிக்கு இலையை மெல்லிய துணிப்பையில் கட்டிக் கொதியில் போட்டு, இறக்கும்போது பையோடு எடுத்துவிடலாம். கொத்தமல்லியை விட்டுவிடுங்கள், அந்தச் சின்னச் சின்ன இலையைப் பார்த்து முடிக்க 20 நிமிடம் போகும்.

காலிபிளவர், முட்டைக்கோசும் இதே சிக்கல்தான். சாம்பாருக்குக் கேரட், பூசணி, உருளைக்கிழங்கு என்று தோல் சீவுகிற காய்களாகப் போடுங்கள். பருப்பையும் அரிசியையும் ஊறப்போடுவதற்கு முன் தட்டில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் முறத்தில் செய்ததுதான்.

தேதிக்கு: அவர்கள் நாட்காட்டியில் இந்தச் சமயத்தில் வருகிற நோன்பு இரண்டு, தம்மூஸ் 17, ஆவ் 9. நம் கணக்குக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள் விழும். அவை சனிக்கிழமையில் வந்தால் ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும், அதாவது உங்கள் வகுப்பு நாளுக்கு. உங்கள் நான்கு தேதியையும் அவர்களிடம் கொடுத்து இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இதே பட்டியலைப் பாஸ்கா சமயத்தில் மட்டும் எடுக்காதீர்கள். அந்த 8 நாளும் புளித்து உப்பிய ரொட்டி கிடையாது. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி வந்த) குடும்பங்கள் அரிசி, பருப்பு, கடுகு எதையும் தொட மாட்டார்கள்.